கடைசி இலக்கத்தின் சாட்சியம்

பொய் என்றதும் நம் நினைவுக்கு வருவது வாய்ச்சொல்லே. நடந்ததை நடக்கவில்லை என்பதும், காணாததைக் கண்டேன் என்பதும் பொய் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுக்கொண்டோம். எண்களும் பொய் சொல்லக்கூடும் என்று எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. கூட்டலில் பிழை நேரலாம், கணக்கை ஒருவர் வேண்டுமென்றே திருத்தி எழுதலாம், அவை வேறு. அளந்ததும் சரி, வகுத்ததும் சரி, கணிப்பானில் ஒரு விசைகூடத் தவறவில்லை. ஆயினும் விடையாக எழுதப்பட்ட எண் உண்மைக்குப் புறம்பாக இருக்கக் கூடுமா? கூடும் என்பதே அறிவியலார் தரும் பதில். அந்தப் பதிலில் கிறிஸ்தவ மனச்சான்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய நெறி ஒன்று பொதிந்திருக்கிறது.

நூலின் நம்பர்

கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் நாள்தோறும் நடைபெறும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நூல் எவ்வளவு மெல்லியது என்பதை அதன் நம்பரால் குறிப்பிடுகிறோம். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே அந்நூலின் நம்பர். நாற்பது சிட்டங்கள் அடங்கினால் நாற்பதாம் நம்பர் நூல். ஆனால் சோதனைக்காக ஒரு பவுண்டு நூலையும் அளந்துகொண்டிருக்க இயலாது. ஆகவே சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கான 120 கஜம் நூலைச் சுற்றியெடுக்கிறார்கள். ஆலைகளில் இதனை 'லீ' என்பர். ஒரு பவுண்டின் ஏழில் ஒரு பங்கு 64.8 கிராம். அதனை லீயின் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும்.

ஒரு லீயின் எடையைத் தராசு 1.63 கிராம் என்று காட்டுவதாகக் கொள்வோம். வகுத்துப் பார்த்தால் கணிப்பான் 39.754601 என்று விடை தருகிறது. எட்டு இலக்கங்கள்! பார்ப்பவருக்கு எத்துணை நுட்பமான சோதனை என்று வியப்பு மேலிடும். ஆனால் அந்தத் தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரைதான் பார்க்கவல்லது. 1.63 என்று அது காட்டும்போது உண்மையான எடை 1.625-க்கும் 1.635-க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம். எனவே நூலின் நம்பரும் 39.6-க்கும் 39.9-க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம். புள்ளிக்குப் பின் வரும் முதல் இலக்கமே சற்று ஆட்டம் கண்டிருக்கும்போது, அதனையடுத்து நிற்கும் ஐந்து இலக்கங்களும் எங்கிருந்து வந்தன? நூலிலிருந்தும் வரவில்லை, தராசிலிருந்தும் வரவில்லை. வகுத்தலின் தன்மையால் கணிப்பான் உதிர்த்தவை அவை. 39.8 என்று எழுதுவதே நேர்மையான விடை.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். ஓர் ஆலையின் நூலுக்கு 39.75 என்றும், மற்றோர் ஆலையின் நூலுக்கு 39.81 என்றும் சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னது மட்டம் என்று திருப்பியனுப்பினால், அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை ஏது? இரண்டு நூலுக்கும் உள்ள வேற்றுமையைச் சோதித்தவர் காணவே இல்லை. காணாத வேற்றுமைக்காக ஒருவர் நட்டமடைகிறார். ஒரு லீயோடு நில்லாமல் பலவற்றை நிறுத்துச் சராசரி காணும் வழக்கம் இத்தகைய அநீதியைத் தவிர்ப்பதற்கும் உதவுகிறது.

இந்த ஒழுங்கைத்தான் மேனிலைப் பள்ளியின் முதலாண்டு இயற்பியலில் 'முக்கிய எண்ணுருக்கள்' என்ற பாடமாக நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெருக்கும்போதும் வகுக்கும்போதும், கலந்துகொண்ட அளவீடுகளில் எது மிகக் குறைந்த இலக்கங்களை உடையதோ, விடையும் அத்தனை இலக்கங்களுக்கு மேல் பேசக் கூடாது. கூட்டும்போதும் கழிக்கும்போதும் புள்ளிக்குப் பின்னுள்ள இடங்களைப் பார்த்து அவ்வாறே அடங்க வேண்டும். நலிந்த சாட்சியின் பலமே வழக்கின் பலம் என்று இதனைச் சொல்லலாம். 1.6 என்பதும் 1.60 என்பதும் ஒன்றல்ல என்பதும் இப்பாடத்தின் ஒரு பகுதி. இறுதியில் நிற்கும் சுழியம் வெற்றிடமல்ல. அந்த இடத்தையும் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்று அளந்தவர் தரும் வாக்குமூலம் அது. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் இவ்விதிகளுக்குள் எட்டாம் கட்டளையின் விளக்கமே அடங்கியிருக்கிறது. அறிந்ததை அறிந்த அளவே சொல். அறியாததை அறிந்ததுபோல் சொல்லாதே.

பரங்கிமலையிலிருந்து இமயம் வரை

நம் நாட்டை அளந்த வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருத்தூதர் தோமாவின் நினைவைச் சுமந்து நிற்கும் பரங்கிமலையின் அருகே, 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தை அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையைக் குறித்து அதற்கேற்பத் திருத்தமும் செய்தார்கள். முடிவில் லாம்டன் குறித்த நீளம் 40,006.4418 அடி.

அந்தக் கடைசி இலக்கத்தைச் சற்று உற்று நோக்குவோம். அடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை மாறினாலே அத்தனை நீள எஃகில் அரையடிக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு தோன்றும். ஆகவே அந்தக் கடைசி இலக்கம் உறுதியாக நிற்க வேண்டுமானால், சங்கிலி முழுவதன் வெப்பத்தையும் பாகையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு வரை அறிந்திருக்க வேண்டும். சென்னையின் சித்திரை வெயிலில் அது எவராலும் ஆகாத காரியம்.

அப்படியானால் லாம்டன் பொய் சொன்னாரா? இல்லை. இங்கேதான் நெறியின் நுட்பம் இருக்கிறது. அந்த நீளம் ஒரு முடிவுரையாக எழுதப்பட்டதன்று. அதன்மேல் நூற்றுக்கணக்கான முக்கோணங்களின் கணக்கு எழும்ப வேண்டியிருந்தது. கணக்கின் நடுவில் இலக்கங்களை வெட்டிக்கொண்டே போனால் வெட்டியதெல்லாம் சேர்ந்து பெரும்பிழையாகும். எனவே நடுவழியில் ஓரிரு இலக்கங்களை மிகுதியாகவே வைத்துக்கொண்டு இறுதியில் மட்டும் முழுமைப்படுத்த வேண்டும் என்பது விதி. தனக்காகக் குறித்து வைத்துக்கொள்வது வேறு. உலகின்முன் சாட்சியாகக் கூறுவது வேறு. மேலும், அவர்கள் தங்கள் கணக்கைச் சோதனைக்கும் உட்படுத்தினார்கள். முக்கோணங்கள் தென்னாட்டினூடே நீண்டபோது ஆங்காங்கே புதிய அடிக்கோடுகளை அளந்தார்கள். 1806-இல் நம் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் அத்தகைய அடிக்கோடு ஒன்று அளக்கப்பட்டது. கணக்கு சொல்லும் நீளமும் சங்கிலி சொல்லும் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கே இந்த ஏற்பாடு. தன் கணக்கைத் தானே சந்தேகிக்கத் துணிந்தவர்களின் பணி அது.

அந்த நில அளவையின் தொடர்ச்சியாகவே இமயத்தின் மிக உயர்ந்த சிகரமும் கணிக்கப்பட்டது. வங்காளத்துக் கணித மேதை இராதாநாத் சிக்தரின் கணக்கீடுகளைக் கொண்டு, 1856-இல் ஆண்ட்ரூ வா அச்சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார். சரியாக 29,000 என்றே விடை வந்தது என்றும், அப்படியே சொன்னால் தோராயமாகச் சொன்னதாக மக்கள் எண்ணிவிடுவர் என்று அஞ்சி வா இரண்டடி சேர்த்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. ஆனால் நில அளவையினர் பின்னாளில் வெளியிட்ட ஆறு நிலையங்களின் கணிப்புகளைச் சராசரி கண்டால் 29,002 என்றே வருகிறது. அந்த ஆறும் 28,990 முதல் 29,026 வரை விரிந்து கிடந்தன என்பதையே நாம் கவனிக்க வேண்டும். ஆறு சாட்சிகள் தங்களுக்குள் முப்பத்தாறு அடி வேறுபடும்போது, கடைசி இரண்டடியை யார் பார்த்தது? கதை உண்மையோ அன்றோ, அது நம் மனத்தின் ஒரு கோணலைக் காட்டிக்கொடுக்கிறது. உருண்டையான எண்ணை நாம் நம்புவதில்லை. உதிரி இலக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் நம்புகிறோம். இந்தக் கோணலை அறிந்தே, ஆதாரமற்ற கூற்றுக்கும் சிலர் இரண்டு தசம இடங்களைச் சூட்டி அனுப்புகிறார்கள்.

கருவிகள் வளர்ந்தால் இலக்கங்களும் வளரலாம். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் அச்சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர் என்று கூட்டாக அறிவித்தன. விண்கோள்களின் துணைகொண்டு அளந்து பெற்ற இலக்கங்கள் அவை. உழைத்துப் பெற்ற இலக்கத்துக்கு உரிமை உண்டு.

யோவான் எழுதிய எண்கள்

திருவிவிலியத்தை இந்தக் கண்ணோடு வாசித்தால் ஓர் இன்பமான உண்மை புலப்படும். நான்காம் நற்செய்தி சாட்சியத்தைப் பற்றி இடைவிடாது பேசும் நூல். கண்டவரே சாட்சி கூறுகிறார் என்று அது வற்புறுத்துகிறது. அந்நூலின் ஆசிரியர் எண்களை எவ்வாறு எழுதுகிறார்? அப்பம் உண்ட ஆண்களைப் பற்றிச் சொல்லும்போது ஏறக்குறைய ஐயாயிரம் என்கிறார். படகு கரையிலிருந்த தொலைவைச் சொல்லும்போது ஏறக்குறைய இருநூறு முழம் என்கிறார். புயலில் சீடர்கள் துடுப்பு வலித்த தொலைவைக் கூறும்போதோ, இருபத்தைந்து அல்லது முப்பது ஸ்தாதியோன் என்று இரு எல்லைகளையுமே தருகிறார். இரவில், கொந்தளிக்கும் கடலில் இருந்தவர்க்கு அதற்கு மேல் எப்படித் தெரியும்? ஒரு ஸ்தாதியோன் சுமார் 185 மீட்டர். இருபத்தைந்தை அதனால் பெருக்கி 4,625 மீட்டர் என்று இன்று நாம் எழுதினால், நற்செய்தியாளர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்தவராவோம். சுமார் ஐந்து கிலோமீட்டர் என்பதே அவருக்கு உண்மையாய் இருப்பது.

இதே ஆசிரியர், வலையில் அகப்பட்ட பெரிய மீன்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது 'ஏறக்குறைய' என்ற சொல்லை விட்டுவிடுகிறார். நூற்று ஐம்பத்து மூன்று! அந்த எண்ணுக்கு ஞானப்பொருள் தேடிய திருச்சபைத் தந்தையர் பலர். அவற்றை மறுக்காமலே மற்றொன்றையும் காணலாம். மீன்கள் கரையில் கிடந்தன. மீனவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியதைத் துல்லியமாகவும், கண்ணால் மதிப்பிட்டதை மதிப்பீடாகவும் கூறுகிற ஒருவரின் சாட்சியத்தை நம்பாமல் இருப்பது எப்படி?

சாலமோனின் கோவிலில் இருந்த வெண்கலக் கடலைப் பற்றியும் ஒரு சொல். விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம் என்று அரசர்கள் முதல் நூலின் ஏழாம் அதிகாரம் உரைக்கிறது. பத்தை 3.14-ஆல் பெருக்கினால் 31.4 வர வேண்டுமே, விவிலியம் பிழைபட்டது என்று நகைப்போர் உண்டு; அதை மறுக்க வளைந்து வளைந்து விளக்கம் கூறுவோரும் உண்டு. இருசாராரும் இந்த எளிய விதியை மறந்தவர்கள். பத்து முழக் கணக்கில் உருட்டிச் சொன்ன அளவுகள் அவை. அந்த அளவில் 31.4 என்பது 30 தான்.

'ஏறக்குறைய' என்ற நம் தமிழ்ச்சொல்லே அழகானது. ஏறவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்று இருபக்கத்துப் பிழையையும் ஒரே சொல்லில் அது ஒப்புக்கொள்கிறது. 'ஏறத்தாழ' என்பதும் அவ்வாறே.

வெட்டுவதும் கூட்டுவதும்

இலக்கங்களைக் குறைப்பதே அறம் என்று இதற்குப் பொருளன்று. 39.8 என்று அறிந்தவர் "நாற்பது பக்கம் இருக்கும்" என்று மழுப்பினால், கையில் உள்ள சாட்சியத்தை மறைத்தவராவார். கண்ணால் கண்டும் வழக்குமன்றத்தில் "சரியாகத் தெரியவில்லை" என்று நழுவுகிறவரின் பணிவு, பணிவு ஆகாது.

எவ்வாறு குறைக்கிறோம் என்பதிலும் அறம் இருக்கிறது. விட்டுவிட வேண்டிய இலக்கம் சரியாக 5 ஆக இருந்தால் என்ன செய்வது? எப்போதும் மேலே தள்ளினால் நெடுங்கணக்கில் எல்லாம் மிகையாகும்; எப்போதும் கீழே விட்டால் குறையாகும். ஆகவே முந்தைய இலக்கம் ஒற்றைப்படையானால் ஒன்று கூட்டு, இரட்டைப்படையானால் அப்படியே விடு என்று விதித்தார்கள். 2.35-உம் 2.4 ஆகிறது, 2.45-உம் 2.4 ஆகிறது. ஐயத்தின் பலன் ஒரே பக்கத்துக்குப் போய்ச் சேராதிருக்க ஏற்பட்ட நடுவுநிலைமை இது.

அந்த நடுவுநிலைமை தவறினால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை கண்டது. 1982 சனவரியில் 1000 என்று தொடங்கிய அதன் குறியீட்டெண்ணைக் கணினி ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும், மூன்றாம் தசம இடத்துக்குப் பின்னுள்ளதை முழுமைப்படுத்தாமல் வெட்டி எறிந்துவந்தது. ஒரு தடவை வெட்டியது ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. ஆனால் வெட்டு எப்போதும் கீழ்நோக்கியே இருந்தது. 1983 நவம்பரில் குறியீடு 524 அளவில் நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது அது 1098-க்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. பாதிக்கு மேல் காணாமற் போயிருந்தது. எவரும் பெரிதாக எதையும் திருடவில்லை.

ஈரோட்டு மஞ்சளாயினும் பொள்ளாச்சித் தேங்காயாயினும், எடைபோடுகிற இடங்களிலெல்லாம் இந்தப் பாடம் பொருந்தும். நூறு மூட்டைகளை நிறுத்து, ஒவ்வொன்றிலும் கிலோவுக்குக் குறைந்ததை வாங்குபவர் பக்கமாக விட்டுவிட்டால், சராசரி அரைக் கிலோவாக ஐம்பது கிலோ உழவர் கையிலிருந்து போய்விடும். ஒவ்வொரு மூட்டையிலும் "சில்லறைதானே" என்ற சமாதானம் இருக்கும். கூலியைக் கீழே உருட்டி, கட்டணத்தை மேலே உருட்டுகிற கைக்கும் அதே சமாதானம்தான். கள்ளத் தராசை ஆண்டவர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் நூல் எச்சரிப்பது தராசுத் தட்டில் கல்லை மாற்றுகிறவர்களை மட்டுமன்று.

மீண்டும் மீண்டும் உருட்டுவதிலும் தீங்குண்டு. 3.46-ஐ நேரே முழு எண்ணாக்கினால் 3. முதலில் 3.5 ஆக்கி, பிறகு அதனை முழு எண்ணாக்குகிறவர் 4 என்பார். ஊர்ப்பேச்சு வளர்வதும் இப்படித்தான். "சிலர் வரவில்லை" என்பது இரண்டாம் வாயில் "பலர் வரவில்லை" ஆகிறது. மூன்றாம் வாயில் "எவருமே வரவில்லை" ஆகிறது. ஒவ்வொருவரும் சிறிதுதான் உருட்டினார்கள். ஒருவருடைய நற்பெயர் உருண்டு போயிற்று.

மனிதருக்கு இடும் எண்

இவற்றினும் கவலை தருவது, மனிதரை நாம் எண்ணால் அளக்கும் முறை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. 189.5 பெற்ற பிள்ளைக்கும் 189 பெற்ற பிள்ளைக்கும் இடையில் எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரே விடைத்தாளை இரு ஆசிரியர்கள் திருத்தினால் ஓரிரு மதிப்பெண் வேறுபடுவது இயல்பு என்பதை ஆசிரியப் பணியில் உள்ளோர் அறிவர். அளவுகோலே ஓரிரு மதிப்பெண் ஆடும்போது, அரை மதிப்பெண்ணில் தெரிவது பிள்ளையின் திறமையன்று.

இடங்கள் குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருக்கையில் எங்கேனும் ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும்; எல்லார்க்கும் பொதுவான எண்ணால் கிழிப்பது, ஆள் பார்த்துக் கிழிப்பதைவிட நேர்மையானது. அதில் ஐயமில்லை. ஆனால் அது சேர்க்கைக்கான ஒரு விதி. அந்தப் பிள்ளையைப் பற்றிய உண்மையன்று. இந்த வேறுபாட்டை நாம் மறக்கும்போதுதான், அரை மதிப்பெண் குறைந்த மகன் வீட்டில் குற்றவாளியாகிறான். அடுத்த வீட்டு மகளோடு ஒப்பிட்டுத் தாழ்த்தப்படுகிறாள் நம் மகள். இளம் உள்ளங்கள் நொறுங்குவதும், சில வேளைகளில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிவதும் நாம் அறியாதவை அல்ல. தராசு காணாத வேற்றுமைக்காக நூலைத் திருப்பியனுப்புவதே அநீதி என்றால், தேர்வு காணாத வேற்றுமைக்காகப் பெற்ற பிள்ளையைத் தள்ளுவதை என்னவென்று சொல்வது?

அளவு, எண், எடை ஆகியவற்றின்படி கடவுள் யாவற்றையும் ஒழுங்குபடுத்தினார் என்று சாலமோனின் ஞானம் நூல் அறிக்கையிடுகிறது. அந்த முழு அளவு அவருக்கே தெரியும். நம் தலைமுடியும் அவரால் எண்ணப்பட்டிருக்கிறது என்றார் ஆண்டவர். நமக்கோ, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியபடி, இப்போது தெரிவது ஒரு பகுதியே. அந்தப் பகுதியையும் மறைக்காமல், அதற்கு மேல் ஒன்றையும் புனையாமல் எடுத்துரைப்பதே நம்மிடம் கேட்கப்படுவது.

ஆகவே ஓர் எண்ணை எழுதுமுன், அது ஆலைச் சீட்டாயினும், அறிக்கையாயினும், பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சாயினும், கடைசி இலக்கத்தைக் காட்டி நம்மையே கேட்டுக்கொள்வோம்: இதை யார் பார்த்தது? பார்த்தவர் ஒருவரும் இல்லையெனில் அந்த இலக்கத்தை எழுதாமல் விடுவோம். பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூற நேரும்போது இந்தக் கேள்வியை இன்னும் ஒருமுறை கேட்போம்.